ஆற்றுக்குள் கரண்ட்: சொல்வதா, சும்மா இருப்பதா?

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "டிரான்ஸ்ஃபார்மர் இயங்கும் விதம்" என்று ஏதாவது எழுதித் தந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதைத்தான் பாடப் புத்தகத்திலேயே படிக்கிறோமே! அதனால் நான் படிக்கும் பாடமும் எங்கள் ஆறும் ஒரு மழைக்காலத்தில் நேருக்கு நேர் வந்து நின்ற கதையை எழுதுகிறேன். இதில் கொஞ்சம் சயின்ஸ் உண்டு, கொஞ்சம் சட்டம் உண்டு, என் தப்பும் உண்டு.

எங்கள் ஊர் ஆரணியை அடுத்த சேவூர். பட்டு நெசவு ஊர். அப்பா தறியில் உட்காருவார், அம்மா நூல் இழைப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். மழைக்காலம் வந்தால் நெசவாளி வீட்டில் சோதனைக்காலம். தறிக்குழியில் ஈரம் ஊறும். பாவு விறைப்பாக நிற்காது. தெருவில் பாவு நீட்ட முடியாது. தறி நின்றால் கூலியும் நின்றது. வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கும்!

அந்த நாட்களில்தான் கமண்டல நாகநதியில் தண்ணீர் வரும். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் ஆறு. வருஷத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும். வெள்ளம் வடிந்த பிறகு, மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி மடுவாக நிற்கும். அதில் கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி எல்லாம் மாட்டிக்கொண்டு கிடக்கும். வேலை இல்லாத வீட்டுக்கு அதுதான் குழம்பு.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்து ஓய்ந்த சமயம். தூரத்துச் சொந்தத்தில் எனக்கு ஒரு மாமா. சின்ன வயசில் தூண்டிலில் மண்புழு கோக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பா இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, நீதான் கரண்டு படிக்கிறியே. லைன்லேர்ந்து ஒரு ஒயரை இழுத்து மடுவுல வுட்டா மீனு தானா மெதக்குதாம். எங்க நிக்கணும், எவ்ளோ தூரத்துல நிக்கணும்னு நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாமா" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. அப்போது நான் முதலாண்டு. ஓம் விதி தெரியும், அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது ஆபத்து என்பது தெரியும். "வேணாம் மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவரிடம் எதிர்த்துப் பேசுவது போல் ஆகிவிடுமோ என்ற பயம்.

மூன்று நாள் கழித்து, எங்கள் தெருவில் தனியாக வாழும் ஓர் அத்தையின் வெள்ளாடு மடு ஓரத்தில் செத்துக் கிடந்தது. "பாம்பு கடிச்சிருக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். மின்கம்பத்துக்குக் கீழே ஈர மணலில் ஒயர் இழுத்த தடம் இருந்தது. நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

இரண்டாம் ஆண்டு வந்த பிறகு, ஆசிரியர்களிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதை முதலில் சொல்கிறேன்.

பலர் நினைப்பது இது: "ஒரே ஒயர்தானே போகுது, சர்க்யூட் எங்க முடியுது?" முடிகிறது நண்பர்களே! டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஃபேஸ் ஒயரைத் தண்ணீரில் விட்டால், தண்ணீர், ஈர மணல், பூமி வழியாகவே கரண்ட் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகும். நடுவில் இருக்கும் எல்லாமே சர்க்யூட்டில் ஒரு பாகம்தான்.

ஒயர் முனைக்குப் பக்கத்தில் வோல்டேஜ் அதிகம். தள்ளிப்போகப் போகக் குறையும். தலை ஓர் அழுத்தத்திலும் வால் வேறோர் அழுத்தத்திலும் இருக்கும்போது மீன் உடம்பு வழியே கரண்ட் பாய்கிறது. மீன் எவ்வளவு நீளமோ அவ்வளவு வித்தியாசம். அதனால்தான் பெரிய மீனுக்கு அடி முதலில் விழுகிறது. பெரிய மீன் என்பது முட்டை போடத் தயாராக இருக்கும் தாய் மீன் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கிலோ ரோகு மீன் சுமார் 2 லட்சம் முட்டை வரை சுமக்கும். விராலை எடுத்துக்கொண்டால், செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே திரியும். தாயும் தகப்பனும் கூடவே காவல் போகும். காவல் மீன் செத்தால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை.

மீன் ஆராய்ச்சி செய்பவர்களும் கரண்ட் வைத்து மீன் பிடிக்கிறார்களே என்று ஒரு நண்பன் கேட்டான். உண்மைதான். அவர்கள் அனுமதி வாங்கி, அளந்து, டி.சி. கரண்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். டி.சி.யில் மீன் பாசிட்டிவ் முனையை நோக்கி நீந்தி வந்து மயங்கும். எண்ணி, எடை போட்டுத் திரும்ப விட்டால் பிழைத்துக்கொள்ளும். நம் லைனில் வருவது ஏ.சி. நொடிக்கு 50 சுற்று. அதில் மீன் தசை இறுகி விறைக்கிறது. அந்த வேகத்தில் முதுகெலும்பே முறிவதுண்டு. உள்ளே ரத்தம் கசிவதுண்டு. மிதக்கும் மீனை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். தப்பிப் போய் அடியில் கிடந்து சாவது கணக்கில் வருவதில்லை.

மனிதனுக்கு என்ன நடக்கிறது?

இதோ நம் ஓம் விதி. நனைந்த உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் 230. வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 முதல் 20 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கை விடாது. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். தண்ணீரில் நிற்பவனுக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. கால் மரத்து விழுந்தால் முழங்கால் தண்ணீரே மூழ்கடித்துவிடும்.

"அதான் ஃபியூஸ் போயிடுமே" என்று சொல்பவர்களுக்கு: வீட்டு ஃபியூஸ் 5 ஆம்பியர் என்றால், ஆளைக் கொல்லும் கரண்ட் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, நம்மை இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் பிரேக்கர் சில வீடுகளில் இருக்கிறது. ஆனால் கம்பத்து லைனில் கொக்கி மாட்டினால் அது எதுவுமே நடுவில் கிடையாது. இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் ஒன்றுதான். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச் சுமைக் கரண்ட் 133 ஆம்பியர். ஒரு மடுவில் நாலு பேர் துடித்தாலும் அதற்குத் தெரியவே தெரியாது.

அத்தையின் ஆடு எப்படிச் செத்தது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு கால் பிராணிக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசமும் அதிகம். கரண்ட் போகும் வழியில் இதயம். வாயைத் தண்ணீரில் வைத்துக் கால்களை ஈர மணலில் ஊன்றிக் குடித்தால் கேட்கவே வேண்டாம்.

வெடியும் விஷமும்

கரண்ட் மட்டுமல்ல, வேறு இரண்டு கெட்ட வழிகளும் உண்டு. ஒன்று வெடி. பாறை உடைக்கும் தோட்டாவைக் கொளுத்தி மடுவில் போடுவார்கள். அந்த அழுத்த அலையில் மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை வெடிக்கும். காற்றுப்பை போன மீன் பெரும்பாலும் மூழ்கித்தான் போகும். கொன்றது ஒரு கூடை என்றால் கையில் கிடைப்பது ஒரு பிடி. திரி வேகமாக எரிந்தால் போட்டவன் கையும் போகும்.

இன்னொன்று விஷம். காட்டோர மக்கள் மருக்காரைக் காயை இடித்துச் சின்னக் குட்டையில் கலக்கி மீன் பிடிப்பது பழைய வழக்கம். இன்று அந்த இடத்தில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து வந்துவிட்டது. அந்த மீனைத் தின்பவன் யார்? அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாடு யாருடையது?

சட்டம் என்ன சொல்கிறது?

இது இன்று நேற்றுக் கவலை இல்லை. சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்த பிரான்சிஸ் டே என்பவர், நாடு முழுவதும் ஆற்று மீன் எப்படி அழிகிறது என்று விசாரித்து 1873இல் அறிக்கை கொடுத்தார். 24 ஆண்டு கழித்து 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. அதன் 4ஆம் பிரிவு வெடி வைப்பதையும் 5ஆம் பிரிவு விஷம் கலப்பதையும் குற்றமாக்கியது. அன்று விதித்த தண்டனை இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து 200 ரூபாய் சாதாரணப் பணமா!

1897இல் நம் கிராமங்களில் கரண்ட் ஏது? அதனால் அந்தப் பிரிவுகளில் கரண்ட் பற்றிய பேச்சு இல்லை. ஆனால் கம்பத்தில் கொக்கி போடுவது மின்திருட்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். யாராவது செத்துவிட்டால் கதையே வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் உயிர்போகக் காரணமானவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. பக்கத்துக் கேரளாவில் 2010இல் உள்நாட்டு மீன்வளத்துக்கென்றே தனிச்சட்டம் போட்டு, கரண்ட், வெடி, விஷம் மூன்றையும் தடுத்திருக்கிறார்கள். புதுமழையில் முட்டையிட ஏறி வரும் மீனைப் பிடிப்பதையும் அங்கே தடுக்கிறார்கள்.

மாமா கேட்ட கேள்வி

பொறுக்க முடியாமல் ஒருநாள் மாமாவிடம் பேசினேன். ஜாக்கார்டு அட்டைத் துண்டு ஒன்றில் 230ஐ 1000ஆல் வகுத்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"ஆத்து மணலை லாரி லாரியா அள்ளிக்கினு போனப்ப யாரு கேட்டா? சாயத் தண்ணிய ஆத்துல வுடறவன யாரு கேட்டா? ரெண்டு கெண்ட புடிக்கிற எங்கிட்டதான் உன் கணக்கெல்லாம் காட்டுவியா? தறி நின்னு பதினஞ்சு நாளாச்சு. வூட்டுல அரிசி இல்லன்னா உன் ஓம் வந்து போடுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் அந்தக் கேள்வியில் பாதி நியாயம் என்றுதான் நினைக்கிறேன். மணல் கொள்ளையைப் பற்றிப் பேசாமல் மீன்காரனை மட்டும் பிடிப்பது நியாயமாகாது. கடல் மீனவருக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. மழையில் தறி நின்று ஆற்றங்கரைக்கு வரும் நெசவாளியை மீனவர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

ஆனால் மறுபாதியில் நியாயம் இல்லை. மணல் அள்ளியவன் செய்தது தப்பு என்பதால் தண்ணீரில் கரண்ட் விடுவது சரியாகிவிடாது. பணக்காரன், ஏழை பார்த்துக் கரண்ட் பாய்வதில்லை. உண்மையில் பாய்ந்தது யார்மேல்? ஒரே ஒரு ஆட்டை வைத்துப் பிழைத்த அத்தைமேல். மடு காலியானால் பட்டினி கிடப்பவனும் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஏழைதான்.

காவிரியில் ஒரு பாடம்

சொல்வதால் மட்டும் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். காவிரியிலும் அதன் கிளை நதிகளிலும் மாசீர் என்ற மீன் உண்டு. 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மாசீர் தூண்டிலில் மாட்டியது. பிற்பாடு அணைகளாலும் வெடியாலும் இன்னும் பல காரணங்களாலும் அது அருகிப்போனது. காவிரியின் திமில் மாசீர் 2018இல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது.

அங்கே பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஒன்று 1972இல் தொடங்கி, காவிரியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. ஆற்றங்கரைத் தூண்டில் முகாம்களில், முன்பு வெடி வைத்து மீன் பிடித்த ஆட்களே வழிகாட்டிகளாக வேலைக்கு வந்தார்கள். எந்தப் பாறைக்கடியில் எந்த மீன் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பிற்காலத்தில் வனவிலங்குச் சட்டம் காரணமாகச் சரணாலயப் பகுதி முகாம்களில் தூண்டில் போடுவது நின்றது. ஆனாலும் பாடம் பாடம்தான். தப்பைத் தடுக்கக் காவல் வேண்டும். தப்பு செய்தவனுக்கு வேறு வழியும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

கடைசியில் சொன்னேன்

ஆடு செத்த பத்தாம் நாள், கல்லூரி விட்டு வரும்போது அதே கம்பத்தில் மறுபடி ஒயர் தொங்கியது. மடுப் பக்கம் சின்னப் பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு வெளியே அனுப்பினேன். நேரே அத்தை வீட்டுக்குப் போய், ஆடு எப்படிச் செத்தது என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"தெரிஞ்சே சும்மா இருந்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதும். மின்வாரியத்துக்குப் போன் செய்தேன். "இந்தக் கம்பத்தில் ஒயர் தொங்குது, ஆற்றில் கரண்ட் பாயுது, ஆட்கள் இறங்குற இடம்" என்று சொன்னேன். யார் மாட்டியது என்று சொல்லவில்லை. அதை நான் கண்ணால் பார்க்கவும் இல்லை. லைன்மேன் வந்து லைனை நிறுத்திக் கொக்கியை அறுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி மாமா வாசலில் நின்று கேட்டார்: "காட்டிக் குடுத்துட்டியாடா?"

"ஒயரத்தான் மாமா சொன்னேன், ஆள சொல்லல" என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

நீங்கள் கண்டால் என்ன செய்வது?

நண்பர்களே, தூண்டில் போடும் பையனையும் வீச்சு வலை வீசும் பெரியவரையும் பற்றிப் புகார் சொல்ல ஓடாதீர்கள். ஏரி என்றால் குத்தகை எடுத்தவர் பார்த்துக்கொள்வார். கரண்ட், வெடி, விஷம் இந்த மூன்றையும் கண்டால் மட்டும் சும்மா இருக்காதீர்கள்.

ஒயர் தொங்கினால் தொடாதீர்கள், தண்ணீரில் இறங்காதீர்கள், மற்றவரையும் மாட்டையும் தள்ளி நிறுத்துங்கள். யாராவது தண்ணீரில் விழுந்து துடித்தாலும், லைன் நிற்கும் வரை குதிக்காதீர்கள். குதித்தால் சாவு இரண்டாகும். 2021இல் தொடங்கிய மின்னகத்தின் எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கம்ப எண் தெரிந்தால் சொல்லுங்கள். வெடி என்றால் போலீஸ், எண் 112. விஷம் என்றால் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். தெரிந்தவர் என்றால் முதலில் அவரிடமே பேசிப் பாருங்கள். ஆனால் ஒயர் தொங்கும்போது பேசிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் போன், பிறகு பேச்சு.

நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். "நீதான் படிக்கிறியே" என்று நம்மிடம்தான் வந்து கேட்பார்கள். அந்த நேரம் "தெரியாது" என்று நழுவுவதில்தான் ஆபத்து இருக்கிறது. நான் முதல் நாளே "வேணாம் மாமா, செத்துடுவீங்க" என்று சொல்லியிருந்தால் ஆடும் பிழைத்திருக்கும், போனும் தேவைப்பட்டிருக்காது.

மாமா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொங்கலுக்கும் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் அடுத்த மழைக்கு ஆற்றில் தண்ணீர் வந்தபோது தூரத்திலிருந்து பார்த்தேன். பழைய வீச்சு வலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் நாலு பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.